சரவணக்குமார் சொன்ன இடம்

மூன்று கருவிகளும் ஒரே எண்ணைக் காட்டின. அப்ராருக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

விஷயம் தெரியாதவர்கள், ஒரே எண் காட்டினால் நல்லதுதானே என்பார்கள். கையடக்க ஜி.பி.எஸ். வைத்துக்கொண்டு கரடும் காடும் ஏறி இறங்கியவனுக்குத் தெரியும், மூன்று கம்பெனிக் கருவிகளை ஒரே கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்தாலும் அவை நாலைந்து தப்படி தள்ளித் தள்ளித்தான் பேசும் என்று. மூன்று சம்பந்திகளை ஒரே பந்தியில் உட்கார வைத்த கதைதான், ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அன்றோ, சேலத்துச் சந்தின் மேல் அந்தி நேரத்து மக்ரிப் பாங்கு ஓய்ந்து, பக்கத்து மாடிக் கொடியில் மறந்துபோன வேட்டி காற்றில்லாமல் தொங்க, கீழே சபீஹா வெங்காயம் வதக்கும் வாசனை படிக்கட்டு வழியே ஏறி வந்துகொண்டிருந்த அந்த வேளையில், மூன்றும் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் கடைசி இலக்கம் வரை ஒற்றுமையாக நின்றன.

அப்ரார் குனிந்து பார்த்தான். அது அவன் வீட்டு மொட்டைமாடியின் எண்ணே இல்லை. சங்ககிரிக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடக்கும் ஒரு கரட்டடியின், பாறைக் குன்றின் அடிவாரத்தின், எண். அதை அவன் இந்தக் கருவிகள் எதிலும் போட்டு வைத்திருக்கவில்லை. எழுதி வைக்கத் தேவையும் இல்லை. இரண்டு வருடமாக அவன் மறக்க முயன்று தோற்றுக்கொண்டிருக்கும் எண் அது.

பேட்டரிகளைக் கழற்றினான். சட்டையில் துடைத்துத் திரும்பப் போட்டான். மூன்றும் வானத்தைத் துழாவின, கொஞ்சம் திணறின, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அதே எண்ணுக்கு வந்து நின்றுகொண்டன. மேகமில்லை, மரமில்லை, மேலே செல்போன் கோபுரம்கூட இல்லை. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. வெங்காயம் அல்ல. நாளெல்லாம் வெயிலில் கிடந்த பாறையும் துருப்பிடித்த இரும்பும் சேர்ந்து அடிக்கிற வாசனை. ஒரு மூச்சில் வந்தது, அடுத்த மூச்சில் இல்லை. கருவிகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினான்.

அப்ராருக்குக் கடைவீதியில் ஹார்டுவேர் கடை. வாரம் முழுக்க ஆணியும் பெயின்டும் விற்கிறவன், ஞாயிற்றுக்கிழமையானால் பத்துப் பேர் குழுவோடு மலையேறக் கிளம்பிவிடுவான். அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் போய் ஒரு சின்னப் பெட்டியை ஓரிடத்தில் ஒளித்துவைத்து, அந்த இடத்தின் எண்ணை மட்டும் குழுவில் போடுவார். மற்றவர்கள் கருவியைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஜியோகேச்சிங் என்று உலகமெல்லாம் ஆடுகிறார்கள். எந்தக் கருவி வாங்கலாம் என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அப்ராரைத்தான் கேட்பார்கள். அவனும் கேட்டதற்கு மேல் நாலு பங்கு சொல்லுவான். தெரிந்தவன் என்று பெயர் எடுப்பதில் ஒரு ருசி இருக்கிறது, அந்த ருசிக்கு அவன் நாக்கு நன்றாகவே பழகியிருந்தது.

இப்போது கேட்டவள் சௌமியா. சரவணக்குமாரின் மனைவி. திருச்செங்கோட்டிலிருந்து போன வாரம் போன் செய்திருந்தாள்.

"அண்ணா, எனக்கு நல்ல மிசினா ஒண்ணு பாத்து வாங்கிக் குடுங்க. அவரு வாங்குனாப்ல ஆயிரக்கூடாது. உசுரு போன எடத்துல ஒரு கைப்புடி மண்ணெடுத்தாந்து ஊட்டுல வெச்சாத்தான் அவரு ஊடு வந்து சேருவாருன்னு சாமி வாக்குல சொல்லிப்போட்டாங்க. மாமியா அன்னில இருந்து சோறு திங்கறதில்லீங்க. யாருங் கூட வேண்டாம், நானே போயி எடுக்கோணும்."

நல்லது, பார்த்து வாங்கலாம் என்றான். அதற்காகத்தான் மூன்று கருவிகளை மொட்டைமாடிக்கு எடுத்துப் போனான்.

சரவணக்குமார் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டி வைத்திருந்தவன். சிரித்த முகம், இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து, வலது கையில் தடித்த செம்புக் காப்பு. குழுவிலேயே விலை குறைந்த கருவி அவனுடையதுதான். அப்ரார் வேண்டாம் என்று சொன்ன மாடலைத்தான் வாங்கினான். அதை வைத்தே எல்லாருக்கும் முன்னால் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டு அப்ராரைப் பார்த்துக் கண்ணடிப்பான். அந்தக் கண்ணடிப்பு அப்ராருக்குக் கடுகளவு எரியும். வெளியே காட்டிக்கொண்டதில்லை.

அந்த வைகாசியில் பெட்டியை ஒளித்தவன் அப்ரார். கரட்டடியில் யாரோ போர் போட்டுத் தண்ணீர் வராமல் கைவிட்டிருந்தார்கள். அப்படிப் பொய்த்த போரில் இரும்புப் பைப்பை உருவி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவதுதான் ரிக் தொழிலில் வழக்கம். அது பாதியில் மாட்டிக்கொண்டு வராததால், உடைந்து பிளந்தபடி விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பைப்புக்குள் நைலான் கயிற்றில் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டான். இதை மட்டும் எவனும் சுலபமாக எடுத்துவிட முடியாது என்று மனசுக்குள் ஒரு சிரிப்பு.

சரவணக்குமார் தனியாகப் போனான். குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டான். காப்பு பைப்பின் பிளவில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இரும்பு சதையில் இறங்கியது. உச்சி வெயில். இடது கையால் போனை எடுத்து அப்ராரைக் கூப்பிட்டான். கை மாட்டிக்கொண்டது, போனில் சார்ஜ் சாகப்போகிறது, எண்ணை எழுதிக்கங்க என்றான். பெட்டி தேடி வந்ததாக அவன் சொல்லவில்லை, ரிக் வேலைக்குப் போன இடம் என்றே அப்ரார் நினைத்தான். பதினொண்ணு, இருவத்தெட்டு, முப்பது, அதாவது வடக்கே இத்தனை பாகை, இத்தனை நிமிடம், இத்தனை விநாடி. கிழக்குக்கும் அதே மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவன் கருவி விநாடிக் கணக்கில் சொல்லும், ரிக் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். முப்பது விநாடி என்றால் அரை நிமிடம். குழுவில் நிமிடத்தோடு புள்ளிவைத்துப் பின்னம் போடுவது பழக்கம். புள்ளிக்குப் பின்னால் ஐந்து வரவேண்டிய இடத்தில் அப்ரார் அந்த முப்பதை அப்படியே போட்டான். அவ்வளவுதான். இடம் கரட்டின் மறுபக்கத்துக்கு ஓடிவிட்டது.

அப்ராரும் கூட ஆறு பேரும் போனார்கள். திரை காட்டிய இடத்தில் முள்ளைத் தவிர ஒன்றுமில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே விசில் கேட்டது. மூன்று ஊதல், ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. ஆபத்து என்றால் இப்படித்தான் ஊத வேண்டும் என்று குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அப்ரார்தான். கூட வந்த மணிமாறன், "அக்கட்டால இருந்து கேக்கறாப்ல இருக்குதுங்க" என்றான்.

அந்தக் கணம் அப்ராருக்கு எல்லாம், மறுபக்கத்தில் தான் பெட்டி தொங்கவிட்ட பைப் உட்பட, விளங்கிவிட்டது. முப்பது. விநாடி. வாயைத் திறந்து, தப்பு என்னுது, வாங்க அந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆறு பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பாறையில பட்டுத் திரும்புற சத்தம் அது. மிஷின் இங்கதான் காட்டுது. இங்கயே தேடுங்க" என்றான்.

கெடுதல் நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் தேடிவிட்டு, தற்செயலாக நகர்கிற மாதிரி எல்லாரையும் அந்தப் பக்கம் கூட்டிப்போய்விடலாம், மானமும் போகாது, ஆளும் கிடைத்துவிடுவான் என்று ஒரு கணக்கு. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் விசில் நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்தபோது உடம்பு இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அழுதபடி தூக்க முயன்றுகொண்டிருக்க, அப்ரார் செய்த முதல் வேலை, பக்கத்தில் திரை ஒளிர்ந்துகொண்டிருந்த சரவணக்குமாரின் கருவியை அணைத்தது. திரையில் எண் சரியாகவே இருந்தது.

"மிஷின் தப்பு நம்பர் குடுத்துருக்கு. அந்த மாடலை வாங்காதன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன்" என்றான். எல்லாரும் நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? சொன்னது அப்ரார் ஆயிற்றே.

சனிக்கிழமை சாயங்காலம் சௌமியா வந்தாள். இளைத்திருந்தாள். சபீஹா டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஹாலில் மேசைமேல் மூன்று கருவிகளும் அணைந்து கிடந்தன. அப்ராருக்கு அவற்றைத் தொடவே கூசியது. ஆனாலும் வாய் பழக்கத்துக்கு ஓடியது. இது தொடுதிரை, பார்க்க அழகு, வேர்த்த கைக்கு வேலை செய்யாது. இது சின்னது, சார்ஜ் போட்டுக்கொண்டே இருக்கணும். இதில் பொத்தான், பெட்டிக்கடைப் பேட்டரியே போதும், மேலே இந்த ஆண்டெனா நீட்டிக்கொண்டிருப்பதால் புதருக்குள்ளும் விடாமல் பிடிக்கும்.

"எதுங்கண்ணா பொய் சொல்லாது?" என்று கேட்டாள் சௌமியா.

அவன் பொத்தான் வைத்ததை அவள் பக்கம் தள்ளினான்.

அவள் கைப்பையிலிருந்து பாலிதீன் உறையில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். சரவணக்குமாரின் கருவி. ஓரத்து ரப்பர் இளகியிருந்தது. "இதையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா எத்தன தப்புக் காட்டுதுன்னு தெரிஞ்சிருமில்லீங்களா? மாமியா அவரத்தான் திட்டறாங்க. கஞ்சத்தனம் புடிச்சு உசுர உட்டுட்டான்னு. பெத்த வாயால செத்தவனத் திட்டறதக் கேக்க முடியலீங்கண்ணா."

"இது வேலை செய்யாதும்மா. உள்ள எல்லாம் போயிருச்சு." பேட்டரி மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் சொன்னான். "இங்கயே இருக்கட்டும், உனக்கு எதுக்கு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்குப் போன்ல அவரு என்னதாஞ் சொன்னாருங்க? ரெண்டு வருசமாக் கேக்கோணும் கேக்கோணும்னு இருக்கறேன்."

இப்போது சொல்லிவிடலாம். இவள் ஒருத்திதான் இருக்கிறாள். அப்ரார் வாயைத் திறந்தான். "நம்பர் சொன்னான்மா. அந்த நம்பர்தான் தப்பு."

உள்ளேயிருந்து விசில் கேட்டது. மூன்று. இடைவெளி. மூன்று.

"சபீஹா, குக்கரைப் பாரு" என்றான். குரல் அவனுக்கே உரக்கக் கேட்டது.

சபீஹா முந்தானையில் கை துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றாள். "குக்கரா? டீ போட்டதோட அடுப்பை அணைச்சிட்டேனே" என்றாள். சௌமியா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. அப்ரார் புதிய கருவியில் கரட்டடியின் எண்ணை, இந்தத் தடவை சரியான எண்ணை, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் போட்டுக் கொடுத்தான். பழைய கருவியை அன்றே கடை மேசையின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து சோறும் இறங்கவில்லை. ஹாலில் நாற்காலியைச் சன்னலோரம் போட்டு உட்கார்ந்திருந்தான். பொழுது சாய்ந்தது. தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம், தூரத்தில் லாரி ஏர்ஹாரன், அடுப்படியில் கரண்டி உரசும் சத்தம் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றாக யாரோ கதவைச் சாத்திக்கொண்டே வருகிறாற்போல் அவை தள்ளித் தள்ளிப் போயின. போன் அடித்தது.

"அண்ணா, கரட்டுக்குக் கீழ வந்துட்டனுங்க. மாமியா கார்ல இருக்கறாங்க. மிசினப் பாத்துத்தான் வந்தேன். இப்ப என்னமோ இங்க இல்லீங்குது."

"என்ன காட்டுது?"

"அம்பு சேலத்துப் பக்கந் திரும்பி நிக்குதுங்க. நாப்பது கிலோமீட்டருங்குது."

நாற்காலியிலிருந்து எழுந்தான். "அணைச்சுட்டுத் திரும்பப் போடும்மா."

அவள் போட்டாள். அவள் மூச்சு கேட்டது, செருப்புக்கடியில் சருகு நொறுங்குவது கேட்டது. "அதேதானுங்க. ஆனா அண்ணா, எனக்கு முன்னாலயே பைப்பு இருக்குதுங்க. ஒடஞ்ச பைப்பு. மேல கல்லப் போட்டு மூடியிருக்குறாங்க. இந்த எடந்தானுங்களே?"

வெறுங்காலில் ஹாலில் நடந்தான். நடுவில் வந்ததும் காலை இழுத்துக்கொண்டான். தரை சுட்டது. மின்விசிறி சுற்றுகிற அறை, மொசைக் தரை. அந்த ஓரிடம் மட்டும் சுட்டது. உச்சி வெயில் பாறை மாதிரி.

"இங்க மண்ணு சில்லுனு கெடக்குதுங்கண்ணா" என்றாள் சௌமியா. "வெயிலே படாத எடமாட்டம்."

பாறையும் துருவும். அந்த வாசனை. இந்தத் தடவை போகவில்லை. அறை நிறைந்தது.

"அண்ணா..." அவள் குரல் தாழ்ந்தது. "இத்தன நல்ல மிசினே தப்புச் சொல்லுமுங்களா? ஒருவேள அவரு மிசினு செரியாத்தான் சொல்லுச்சுங்களா? அவரு மேல தப்பே இல்லீங்களா?"

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா. ஊட்டுக்குப் போயி மாமியாகிட்டச் சொல்லிக்கறேன். உங்க மேல வருத்தமொண்ணும் இல்லீங்க."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இல்லை, தெரியாது. கேட்கிறாள், அவ்வளவுதான். சொல்லிவிடு. சொல்லிவிட்டால் ஒரு அம்மாக்காரி மகனைத் திட்டுவதை நிறுத்துவாள். அவன் வீடு போய்ச் சேருவான். சொல். மணிமாறன் முகம் வந்தது, குழுவில் எல்லார் முகமும் வந்தது, சபீஹாவின் முகம் வந்தது.

விசில். மூன்று.

முதுகுக்குப் பின்னால். இந்த அறைக்குள்.

"அங்க யாருங்கண்ணா விசிலடிக்கறது?" என்றாள் சௌமியா.

அவளுக்கும் கேட்கிறது. நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால்.

மறுபடி மூன்று. பலமில்லாத ஊதல். காய்ந்த உதட்டில் பாதிக் காற்று வெளியே போகிற ஊதல்.

"யாருமில்ல" என்றான் அப்ரார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்த மிஷினும் சரியில்லம்மா. தப்பாக் காட்டுது. அவன் சொன்ன நம்பரும் தப்புதான். மண்ண எடுத்துக்கிட்டுக் கிளம்பு, இருட்டப்போகுது."

விசில் நின்றது.

போன் அணைந்ததா, சௌமியாதான் பேசாமல் நிற்கிறாளா, தெரியவில்லை. தெருச் சத்தம் இல்லை. மின்விசிறிச் சத்தம் இல்லை.

திரும்பினான்.

ஹாலின் நடுவில் ஒருவன் குப்புறக் கிடந்தான். கன்னம் தரையில். வலது கை இல்லை. இருந்தது. தோள்வரை மொசைக்குக்குள் இறங்கியிருந்தது. தரை உடையவில்லை. விரிசல்கூட இல்லை. வெடித்த உதட்டில் விசில். கண்கள் திறந்திருந்தன. அப்ராரையே பார்த்தன. கோபமில்லை. வந்துவிடுவார்கள் என்று காத்திருக்கும் கண்கள். இடது கை அவன் பக்கமாக நீண்டு, விரல்கள் மெல்ல மடங்கி மடங்கி விரிந்தன.

காப்பாற்று என்று கேட்கிற கை. பிடித்து இழுக்க வேண்டும். ஓர் எட்டு. அப்ராருக்குக் கால் வரவில்லை.

அடுப்படி விளக்கு அணைந்தது. சபீஹா சாப்பாட்டு விரிப்பை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு கையிலும் சோற்றுச் சட்டியும் அதன்மேல் கவிழ்த்த இரண்டு தட்டுகளுமாக வந்தாள். "காலையிலிருந்து வெறும் வயிறு. யாருகிட்ட போன்ல? வந்து உட்காருங்க" என்றாள். சட்டியை ஓரமாக வைத்துவிட்டு, விரிப்பை உதறி ஹாலின் நடுவில் விரித்தாள்.

விரிப்பு தரையில் படியவில்லை.

ஒரு தலை. ஒரு தோள். முதுகு. சபீஹா குனிந்து சுருக்கம் நீவினாள். அவள் கை அந்தத் தலைமேல் ஏறி, தோளில் இறங்கிப் போனது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. சட்டியை எடுத்து நடுவில் வைத்தாள். தட்டு வைத்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அவனுக்கு.

"வாங்க, ஆறிப்போகுது" என்றாள்.

வாய் இருக்கும் இடத்தில் துணி உள்ளே இழுபட்டது. மெல்ல வெளியே வந்தது. உள்ளே. வெளியே. விரிப்பின் ஓரத்துக்கடியிலிருந்து நாலு விரல்கள் நீண்டு, அப்ராரின் தட்டைத் தடவிக் கடந்து, அவன் காலைத் தேடிக்கொண்டிருந்தன.